ப்ரீகாஸ்ட் கட்டடம்: மாடலில் தூணும் சுவரும் இருக்கு, ஜாயின்ட் இருக்கா?

சென்னை பெரும்பாக்கத்தில் 12 பிளாக்குகளில் 1,152 வீடுகள் நிற்கின்றன. ஒவ்வொரு பிளாக்கிலும் தரைத்தளமும் ஐந்து மாடிகளும். 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2022 மே 26 அன்று பிரதமர் மோடி திறந்துவைத்த திட்டம் இது. செலவு சுமார் 116 கோடி ரூபாய். மத்திய அரசு ஆறு நகரங்களில் எடுத்த ‘லைட் ஹவுஸ்’ திட்டங்களில் ஒன்று.

17 மாதத்துக்குள் இத்தனை வீடுகள் எப்படி? ப்ரீகாஸ்ட் முறைதான் முக்கியக் காரணம். தூண், பீம், ஸ்லாப் எல்லாவற்றையும் யார்டில் வார்த்து, சைட்டில் கிரேன் வைத்துக் கோப்பது. ஆனால் கிரேன் வருவதற்கு வெகு முன்பே அந்தக் கட்டடம் கம்ப்யூட்டரில் ஒருமுறை முழுசா கட்டப்பட்டாக வேண்டும். அந்த மாடலில் எது தவறினால் ஆபத்து என்று பார்க்கலாம்.

வழக்கமான கட்டடத்திலிருந்து என்ன வித்தியாசம்?

வழக்கமான முறையில் சைட்டிலேயே சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போடுவார்கள். தூணும் பீமும் ஸ்லாபும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே உடம்பாக இறுகிவிடும். சுவிட்ச் பாக்ஸ் இடம் மாறிப்போனால் சுவரைக் கொத்திச் சரிசெய்யலாம்.

ப்ரீகாஸ்டில் அந்தச் சலுகை குறைவு. சுவர் பேனல் வரும்போதே ஜன்னல் திறப்பு, வயர் பைப், தூக்குவதற்கான கொக்கி, அடுத்த பேனலோடு சேர்க்கும் கம்பி எல்லாம் உள்ளே இருக்கும். கீழ்த் தூணிலிருந்து நீளும் கம்பியும் மேல்தூணில் அதற்கான துளையும் சில சென்டிமீட்டர் விலகினாலே கோக்க முடியாது. அதனால் மாடல் என்பது அழகான படம் அல்ல, தொழிற்சாலைக்குப் போகும் உற்பத்தி ஆணை.

ஒரு கட்டடத்துக்கு ஏன் இரண்டு மாடல்?

முதலாவது, ரெவிட், டெக்லா போன்ற சாஃப்ட்வேர்களில் செய்யும் ‘பிம்’ மாடல். நீளமான சுவரை முதலில் ஒரே சுவராக வரைந்து, பிறகு பேனல்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பேனலுக்கும் தனி எண், எடை, கம்பி விவரம், தூக்கும் புள்ளி உண்டு. யார்டு வரைபடமும் கம்பிப் பட்டியலும் இதிலிருந்தே வரும்.

இரண்டாவது, ஈடாப்ஸ் போன்ற சாஃப்ட்வேரில் செய்யும் கணக்கு மாடல். காற்று, நிலநடுக்கம், எடை ஆகியவற்றைக் கட்டடம் எப்படித் தாங்கும் என்பதைச் சொல்வது இதுதான்.

சிக்கல் இங்கேதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுவர்களை வரைந்து, அவற்றின் புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்தால், சாஃப்ட்வேர் அதை இடைவெளி இல்லாத ஒரே சுவராக எடுத்துக்கொள்ளும். அங்கே ஜாயின்ட் இருக்கிறது என்று நாம் சொல்லாதவரை அதற்குத் தெரியாது.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரே தடிமன் உள்ள சுவர் வளைவை எதிர்க்கும் விறைப்பு, நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 3 மீட்டர் பேனல் என்றால் 27. தனித்தனியே நிற்கும் இரண்டு பேனல்களுக்கு 54. அதையே 6 மீட்டர் ஒற்றைச் சுவராக வரைந்தால் 216. அதாவது, மாடலில் சுவர் நான்கு மடங்கு விறைப்பாகத் தெரியும்!

உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். எங்கே என்பதை ஜாயின்டில் போகும் கம்பியும், அதில் நிரப்பும் க்ரௌட்டும்தான் தீர்மானிக்கும். அதை மாடலில் சேர்க்காவிட்டால் கட்டடம் குறைவாகத்தான் அசையும் என்று கணக்கு காட்டும். ஜாயின்டில் வரும் விசையோ யார் கண்ணிலும் படாது.

தூணுக்கும் இதே கதை. அடியில் அது முழுசா இறுகி நிற்கிறதா, கொஞ்சம் திரும்புமா என்பது இணைப்பின் வகையைப் பொறுத்தது. சாஃப்ட்வேர் தானாக வைத்துக்கொள்ளும் அமைப்பை அப்படியே நம்பக் கூடாது.

ஜாயின்ட் கைவிட்டால்?

லண்டனின் ரோனன் பாயின்ட், ப்ரீகாஸ்ட் சுவர் பேனல்களால் கட்டிய 22 மாடிக் குடியிருப்பு. திறந்து இரண்டே மாதத்தில், 1968 மே 16 அன்று, 18-வது மாடி வீடு ஒன்றில் கேஸ் வெடித்தது. எடை தாங்கும் வெளிச்சுவர் பேனல்கள் பிடுங்கி வெளியே தள்ளப்பட்டன. மேலிருந்த வீடுகள் தாங்க ஆளில்லாமல் விழ, அந்த எடையில் கீழ்த்தளங்களும் சரிந்து ஒரு மூலையே போனது. 4 பேர் இறந்தார்கள்.

வெடித்தது ஒரு வீடு. இடிந்தது ஒரு மூலை முழுவதும். காரணம், பேனல்களுக்கு இடையே போதுமான பிடிப்பு இல்லை. 1986-ல் கட்டடத்தைப் பிரித்தபோது ஜாயின்டுகளில் மோசமான வேலைப்பாடும் தெரியவந்தது.

ஒரு பகுதி போனாலும் மற்றவை தொடர்ந்து சரியாதபடி பேனல்களைக் கம்பியால் பிணைக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு உலகம் கற்ற பாடம். இந்தியாவில் ப்ரீகாஸ்ட் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 15916 விதித்தொகுப்பும் இதைப் பேசுகிறது.

லாரியும் மாடலில் வருமா?

வரணும். சென்னை அருகே வார்த்த பேனல்களை வைத்து சந்திரகிரியில் ஒரு கட்டடம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 15 சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பேனல் சுமார் 3.4 டன். திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாக அது லாரியில் போக வேண்டும். சாதாரண சரக்கு வண்டிக்கு அகல வரம்பு 2.6 மீட்டர் என்பதால் பேனலைப் படுக்கவைக்க முடியாது, நிறுத்தித்தான் கொண்டுபோகணும்.

அதற்கும் முன்னால், கான்கிரீட் முழு வலு பெறுவதற்குள் அச்சிலிருந்து தூக்குவார்கள். பேனல் தன் வாழ்நாளில் சந்திக்கும் கடினமான நாள் அதுவாகவே இருக்கலாம். எனவே தூக்கும் புள்ளி, எடை, கிரேன் எட்டும் தூரம் மூன்றும் பேனல் அளவை முடிவுசெய்யும்போதே கணக்கில் வர வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

இந்தத் துறையில் வேலை பார்ப்பவர் என்றால், மாடலை அனுப்பும் முன் மூன்று கேள்விகள்:

- பிம் மாடலில் பேனல் பிரியும் கோடும், கணக்கு மாடலில் ஜாயின்ட் வரும் கோடும் ஒன்றுதானா?
- ஒவ்வொரு ஜாயின்டிலும் எவ்வளவு விசை வருகிறது என்று தனியே எடுத்துப் பார்த்தாச்சா?
- ஒரு பேனலை நீக்கிவிட்டு ஓட்டினால் மீதி நிற்குமா?

ப்ரீகாஸ்ட் ஃபிளாட் வாங்கப் போகிறவர் என்றால் ஒரே கேள்வி போதும்: “ஜாயின்டுகளில் க்ரௌட் போட்டதைச் சோதித்த பதிவு இருக்கா?” பேனல் தொழிற்சாலையின் கண்காணிப்பில் உருவாகிறது. ஜாயின்ட் மட்டும் சைட்டில், வெயிலிலும் மழையிலும், அவசரத்திலும் உருவாகிறது. மூடிய பிறகு அதை யாரும் எளிதில் பார்க்க முடியாது.