மிக்-21: பிளாஸ்டிக் இறக்கையும் ரெசின் இருக்கையும்

மிக்-21 மாடல் ஒன்றை ஒழுங்காகச் செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு பெட்டிகள் தேவைப்படும். முதல் பெட்டி பெரியது. அதில் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு இறக்கை, உடல், வால், சக்கரம் எல்லாம் இருக்கும். இரண்டாவது பெட்டி சோப்பு டப்பா அளவுதான். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் சாம்பல் நிறத்தில் நாலைந்து ரெசின் துண்டுகள்: விமானி உட்காரும் அறை, அவருடைய இருக்கை, டயர், பின்னால் நெருப்பு கக்கும் குழாய். முதல் பெட்டியைச் செய்தவர் ஒருவர், இரண்டாவதைச் செய்தவர் பெரும்பாலும் வேறொருவர். சில சமயம் சின்னப் பெட்டியின் விலை பெரிய பெட்டியின் விலையை எட்டிப் பிடிக்கும். "மூடி ஒட்டின பிறகு உள்ளே யார் பார்க்கப் போறா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மிக்-21 விஷயத்தில், சரித்திரத்தில் பாதி அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் அடிப்படை. விமான மாடல்களில் அதிகம் புழங்கும் அளவுகள் இரண்டு. 1/72 என்றால் நிஜ விமானத்தின் ஆறு அடி மாடலில் ஒரு அங்குலம். 1/48 என்றால் நிஜத்தின் ஓர் அடி மாடலில் கால் அங்குலம். இங்கிலாந்தில் ஃப்ராக் பென்குவின் என்ற பெயரில் 1936-லேயே 1/72 அளவில் பிளாஸ்டிக் மாடல்கள் வந்துவிட்டன. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் முதல் விமானமான ஸ்பிட்ஃபயர் 1953-ல் வந்தது. அதற்குப் பிறகுதான் இது பையன்கள் பாக்கெட் மணியில் வாங்கக்கூடிய பொழுதுபோக்காக மாறியது.

பிளாஸ்டிக் மாடல் செய்வது எஃகு அச்சில். உருகிய பிளாஸ்டிக்கை அதிக அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்துவார்கள். அச்சு செய்ய ஏகப்பட்ட செலவாகும், எனவே ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. விநாயகர் சதுர்த்திக்கு அச்சில் எடுக்கும் களிமண் பிள்ளையாரைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் தும்பிக்கை, தொந்தி எல்லாம் இருக்கும், பின்பக்கம் மொட்டையாக இருக்கும். அச்சிலிருந்து நேராக உருவ வேண்டும் என்பதால் உள்ளே வளைந்து போகும் எதையும் அதில் கொண்டுவர முடியாது. எஃகு அச்சுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். அதனால்தான் பல பழைய மாடல்களில் விமானியின் இருக்கை ஒரு சாதாரண முக்காலி மாதிரி இருக்கும்.

ரெசின் வேறு வழியில் போகிறது. ஒருவர் தன் மேஜையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் தகடு, கம்பி, ஈயத் தகடு எல்லாம் வைத்து அசல் இருக்கை ஒன்றைச் செய்வார். (இப்போது அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து, முப்பரிமாண பிரிண்டரில் எடுத்துவிடுகிறார்கள்.) அதன்மேல் சிலிக்கான் ரப்பரை ஊற்றி அச்சு எடுப்பார். அந்த அச்சில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். ரப்பர் அச்சு வளைந்து கொடுக்கும். இட்லியிலிருந்து ஈரத்துணியை உரிக்கிற மாதிரி உரித்தால், பெல்ட், பக்கிள், தலையணை மடிப்பு எல்லாம் அப்படியே வரும். சில பத்து முறை ஊற்றியதும் ரப்பர் கிழிந்துவிடும், பிறகு புது அச்சு எடுக்க வேண்டும். எனவே இது பெரிய தொழிற்சாலைக்கான வேலை அல்ல. இரண்டு பேர் ஒரு கார் ஷெட்டில் செய்கிற வேலை.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ரெசின் துண்டுக்கு அடியில் ஊற்றுக்கட்டி ஒன்று இருக்கும், அதை மெல்லிய ரம்பத்தால் அறுத்து உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கவும், குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். பிளாஸ்டிக் பசை ரெசினில் ஒட்டாது. அதற்கு நம்ம ஊர் ஃபெவிக்விக் மாதிரியான பசைதான்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

1960களில் மிக்-21-ன் உட்புறம் மேற்கு நாடுகளுக்கு ஒரு மர்மம். வெளித்தோற்றம் அணிவகுப்புப் புகைப்படங்களில் கிடைத்தது. உள்ளே என்ன கருவி எங்கே இருக்கிறது, விமானிக்கு எவ்வளவு தூரம் வெளியே தெரியும் என்பதெல்லாம் தெரியாது. 1966 ஆகஸ்ட் 16 அன்று முனீர் ரெட்ஃபா என்ற ஈராக் விமானி தன் மிக்-21-ஐ இஸ்ரேலுக்குக் கடத்திக்கொண்டு போய் இறக்கினார். அதற்குப் பின்னால் இஸ்ரேலிய உளவுத்துறையின் நீண்ட திட்டம் இருந்தது. இஸ்ரேல் அந்த விமானத்துக்கு 007 என்று எண் கொடுத்தது! பிறகு அமெரிக்கா அதை இரவல் வாங்கி, 1968-ல் நெவாடா பாலைவனத்தில் ரகசியமாக ஓட்டிப் பார்த்தது.

இதில் நமக்குச் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. மற்றவர்கள் இவ்வளவு பாடுபட்டுப் பார்த்த அந்த அறைக்குள் நம் விமானிகள் 1963-லிருந்தே உட்கார்ந்திருந்தார்கள். 1962-ல் சோவியத் யூனியனுடன் ஒப்பந்தம். மறு வருடம் சண்டிகரில் 28-ஆம் ஸ்குவாட்ரனுக்கு முதல் விமானங்கள் வந்தன. அதன் முதல் தலைவர் தில்பாக் சிங், பிற்காலத்தில் விமானப்படைத் தளபதி ஆனவர். விமானத்தோடு அதைச் செய்யும் உரிமமும் கிடைத்தது. உடல் நாசிக் பக்கத்தில் ஓஜரில், இன்ஜின் ஒடிசாவின் கோராபுட்டில், மின்னணுக் கருவிகள் ஹைதராபாத்தில் என்று ஹெச்.ஏ.எல். நிறுவனம் வேலையைப் பிரித்துக்கொண்டது. நாசிக் விமான நிலையம் என்று இன்று நாம் டிக்கெட் போடுகிற இடம்தான் அந்த ஓஜர்.

உரிமம் பெற்ற இன்னொரு நாடு செக்கோஸ்லோவாக்கியா. அங்கே ஏரோ வோடோகோடி ஆலையில் 1962 முதல் 1972 வரை 194 மிக்-21-கள் செய்தார்கள். 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்ததும் மாடல் செய்யும் பைத்தியங்கள் பலர் சொந்தமாகச் சின்னச் சின்னக் கம்பெனிகள் தொடங்கினார்கள். எடுவார்டு அந்த வருடமே பிறந்தது. ஏரஸ் போன்ற ரெசின் கம்பெனிகளும் செக் நாட்டிலிருந்து வந்தவைதான். ஒரு காலத்தில் ராணுவ ரகசியமாக இருந்த விமானம் அவர்கள் ஊர் மியூசியத்தில் நின்றது. 2011-ல் எடுவார்டு 1/48 அளவில் மிக்-21 வரிசையைத் தொடங்கியபோது, அதற்குப் பின்னால் இத்தனை வருடப் பரிச்சயம் இருந்தது. முனீர் ரெட்ஃபா உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுபோன ரகசியம் இப்போது கட்டைவிரல் அளவு ரெசினில் தபாலில் வருகிறது :-)

இனி ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்ப்போம்.

வயிற்றுக்கு அடியில் ஒட்டும் பீரங்கிப் பெட்டி. நாசிக்கில் முதலில் தயாரான ரகம் மிக்-21 எஃப்.எல். அதற்குள் பீரங்கியே கிடையாது. இனிமேல் எல்லாம் ஏவுகணைதான் என்று உலகம் முழுக்க நம்பிய காலம் அது, அமெரிக்காவின் ஃபேன்டமும் அப்படித்தான் பீரங்கி இல்லாமல் பிறந்தது. 1965 போரில் ஏவுகணையை மட்டும் நம்புவது போதாது என்று நம்மவர்களுக்குப் புரிந்தது. பிறகு ஜி.பி.-9 என்ற பெட்டி வந்தது. அதற்குள் 23 மி.மீ. இரட்டைக்குழல் பீரங்கி, 200 குண்டுகள். 1971 டிசம்பர் 12 அன்று கட்ச் வளைகுடாவுக்கு மேலே ஃப்ளைட் லெஃப்டினன்ட் பி.பி. சோனி பாகிஸ்தானின் எஃப்-104 ஒன்றை வீழ்த்தியது இந்தப் பீரங்கியால்தான். எனவே 1965-ஆம் வருட விமானம் செய்கிறீர்கள் என்றால் இந்தத் துண்டை ஒட்டக் கூடாது. 1971 என்றால் ஒட்டலாம்.

அடுத்தது ராக்கெட் குடுவை. முன்முகத்தில் 16 ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் 57 மி.மீ. ராக்கெட். பிளாஸ்டிக்கில் இது 16 புள்ளிகளாகத்தான் தெரியும், நல்ல ரெசினில் ஓட்டைகள் நிஜமாகவே ஆழமாக இருக்கும். 1971 டிசம்பர் 14 அன்று 28-ஆம் ஸ்குவாட்ரன் விமானங்கள் குவாஹாத்தியிலிருந்து கிளம்பி, டாக்காவின் கவர்னர் மாளிகையை இந்த ராக்கெட்டுகளால் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தான் கவர்னர் மாலிக் அன்றே ராஜினாமா எழுதினார். இரண்டு நாளில் போர் முடிந்தது.

கடைசியாக இருக்கை. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம்.

மிக்-21 பி.எஃப்., அதன் வழிவந்த எஃப்.எல். ஆகியவற்றில் கண்ணாடி மூடி முன்பக்கமாகத் திறக்கும். எஸ்.கே. என்ற அந்த ஏற்பாட்டில், விமானி குதிக்கும்போது மூடியும் இருக்கையோடு சேர்ந்து கிளம்பி, கேடயம் மாதிரி அவரை மூடிக்கொண்டு காற்றின் அடியிலிருந்து காக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிறகு மூடி பிரிய வேண்டும், இருக்கை பிரிய வேண்டும், பாராசூட் விரிய வேண்டும். அதற்கெல்லாம் நேரம் வேண்டும், நேரம் என்றால் உயரம். நூறு மீட்டருக்கு மேல் இருந்தால்தான் பிழைக்க வழி. ஓடுபாதைக்குப் பக்கத்தில் இன்ஜின் நின்றால் அவ்வளவுதான். பின்னால் வந்த எம்., பிஸ் ரகங்களில் மூடி பக்கவாட்டில் திறக்கும், இருக்கை கே.எம்.-1. விமானம் மணிக்கு 130 கி.மீ. வேகத்திலாவது ஓடினால் தரைமட்டத்திலிருந்தே உயிரோடு வெளியேற்றக் கூடியது.

மாடல் கடையில் இந்த இரண்டு இருக்கைகளும் ஒரே மாதிரி உறையில் தொங்கும். "ரெண்டும் மிக்-21 சீட்டுதானே" என்று கே.எம்.-1 இருக்கையை வாங்கி எஃப்.எல். விமானத்தில் ஒட்டினால், பார்ப்பவர்கள் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்த விமானத்தை ஓட்டியவர்களுக்குக் கிடைக்காத ஒன்றை நாம் கொடுத்ததாக ஆகிவிடும்.

2012-ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கு கொடுத்தார். வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துக்குள்ளாயின. இறந்த விமானிகள் 171, பொதுமக்கள் 39. "பறக்கும் சவப்பெட்டி" என்று பத்திரிகைகள் எழுதின. பழி முழுவதையும் விமானத்தின் மேல் போடுவது சரியல்ல. மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் வேகத்தில் தரையிறங்கும் விமானம் இது. மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து இளைஞர்கள் நேராக இதற்கு ஏறினார்கள். நடுவில் ஒரு நவீன ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று லா ஃபான்டைன் கமிட்டி 1982-ல் சொன்னது. ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-ல், விமானப்படையில் சேர்ந்தது 2008-ல். 26 வருடங்கள்! இருக்கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது கடைசி வழிதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை டெல்லியில் கோப்புகள் தாமதப்படுத்தின.

நல்ல இருக்கை என்ன செய்யும் என்பதை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். 2019 பிப்ரவரி 27 அன்று மேம்படுத்தப்பட்ட மிக்-21 பைசனிலிருந்து வெளியேறி, பாகிஸ்தான் வசமிருந்த பகுதியில் இறங்கினார் விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான், நம் தமிழ்நாட்டுக்காரர். மார்ச் 1 இரவு வாகா எல்லையில் அவர் நடந்து வந்ததைத் தூங்காமல் பார்த்த வீடுகள் எத்தனை! அவர் தந்தை சிம்ஹகுட்டி வர்த்தமானும் விமானப்படையில் ஏர் மார்ஷலாக இருந்தவர். அந்த மீசையை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அவரை வெளியே கொண்டுவந்த இருக்கையைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்னும் ஒரே ஒரு சின்ன விஷயம். மிக்-21-ன் கருவிப் பலகையில் நட்டநடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அலங்காரம் அல்ல. விமானம் கட்டுப்பாடு இழந்து பம்பரமாய்ச் சுழலும்போது விமானிக்குத் திசையே தெரியாது. அப்போது கைப்பிடியை அந்தக் கோட்டுக்கு நேராக, நடுவில் கொண்டுவர வேண்டும். தலை சுற்றுகிறவனுக்கு வரைந்துவைத்த வழிகாட்டி அது. 1/48-ல் அந்தக் கோடு ஒரு தலைமுடி அகலம்தான் வரும். நுனி மெலிந்த பிரஷில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் போட வேண்டும்.

2013 டிசம்பரில் கலைகுண்டாவில் எஃப்.எல். ரகத்துக்கும், 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி பைசன்களுக்கும் விடைகொடுத்தார்கள். 62 வருடக் கணக்கு முடிந்தது. ஊர் ஊராக மேடைகளில் மிக்-21-கள் நிற்கின்றன. மழை உள்ளே போகாமலிருக்க பலவற்றின் கண்ணாடிக்கும் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள், உள்ளே எதுவும் தெரியாது. பெங்களூரில் இருப்பவர்கள் ஹெச்.ஏ.எல். மியூசியத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய் வரலாம். வெளியூர்க்காரர்கள் ஒரு மாடல் வாங்கிச் செய்யலாம். மிக்-21 வாங்குவதாக இருந்தால், எந்த வருடம், எந்த ரகம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குச் சரியான இருக்கையைத் தேடுங்கள். பையனோ பெண்ணோ "ஏம்ப்பா, இந்த சீட்டு வேற மாதிரி இருக்கு?" என்று கேட்டால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.