செவ்வாய்ப்பேட்டையில் பிறந்த சாலை விதி

சேலம், நாமக்கல் பக்கம் எழவு ஊர்வலம் வருவது கண்ணில் படுமுன்னே காதில் விழுந்துவிடும். முதலில் தாரை தப்பட்டை, அடுத்துச் சரவெடி. அதன் பின்னே பூவாலே மூடிய வண்டி. வழிநெடுகப் பொரியும் சாமந்தியும். அதற்கும் பின்னால் முந்திப் போக இடமில்லாமல் ஒரு டவுன் பஸ் ஊர்ந்துவரும். சாலை யாருக்குச் சொந்தம், சடலத்தோடு நடந்து போகிறவர்களுக்கா, டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கா? இந்தக் கேள்விக்கான சட்டத்தின் பதில் பெருமளவு சேலத்திலேயே உருவானது. அதைக் கிளப்பிவிட்டது மட்டும் எழவு ஊர்வலமல்ல, சாமி ஊர்வலம்.

இன்று மொத்த வியாபாரக் கடைகளும் வெள்ளிப் பட்டறைகளுமாக நெரியும் செவ்வாய்ப்பேட்டையில் 1870களின் இறுதியில் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. அதன் முன்பாக இந்துக்கள் மேளதாளத்துடன் ஊர்வலம் போகலாமா என்ற தகராறு சில ஆண்டுகள் புகைந்தது. 1882 ஆகஸ்டில் அது பெருங்கலவரமாக வெடித்தது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது, உயிர்கள் போயின, பலர் கடுந்தண்டனை பெற்றனர். கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் சேலத்தின் இளம் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியாரும் ஒருவர். மேல்முறையீட்டில் விடுதலையான அவர், நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து தன்னை நீக்கியதற்காக அரசின் மீதே வழக்குப் போட்டு நூறு ரூபாய் நஷ்ட ஈடும் வாங்கினார். 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

சேலத்துத் தகராறு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. 1883இல் சுந்தரம் செட்டி வழக்கில் தலைமை நீதிபதி சார்லஸ் டர்னர் உள்ளிட்ட முழு அமர்வு ஒரு நெறியை உறுதிசெய்தது. எந்தச் சமயத்தவரும் பொதுத்தெருவில் தங்கள் ஊர்வலத்தை நடத்தலாம். ஆனால் அந்தத் தெருவை மற்றவர்கள் வழக்கம்போலப் பயன்படுத்துவதற்கு அது இடைஞ்சலாக இருக்கக் கூடாது. போக்குவரத்துக்காகவும் அமைதிக்காகவும் மாஜிஸ்திரேட் சட்டப்படி இடும் ஆணைக்கு அடங்க வேண்டும்.

தீர்ப்பில் இன்னொரு கருத்தும் உண்டு. கலகம் வரும் என்ற அச்சத்தில், உரிமையோடு போகிறவனைத் தடுப்பதைவிட, அவனை மறிக்கிறவனை அடக்குவதே அதிகாரிகளின் வேலை என்றது அமர்வு. வட இந்திய வழக்கு ஒன்றில், மத ஊர்வலத்துக்குப் பொதுச்சாலையில் உரிமை உண்டு என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1920களில் உறுதிசெய்தபோது, இந்தச் சேலத்துத் தீர்ப்பும் துணைநின்றது.

ஊர்வலத்தின் மீது போலீசின் பிடி சேலத்துத் தீர்ப்புக்கும் பழையது. சென்னை மாகாணத்தின் மாவட்டங்களுக்கான 1859ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம், ஊர்வலம் எந்த வழியில், எந்த நேரத்தில் போக வேண்டும், தெருவில் எந்த அளவு வாத்தியம் வாசிக்கலாம் என்று கட்டளையிடும் அதிகாரத்தைப் போலீசுக்குத் தந்தது. மறுஆண்டு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் எதிர்த்திசையிலும் ஒரு காவல் வைத்தது. ஈமச்சடங்குக்குக் கூடியவர்களுக்கு வேண்டுமென்றே இடையூறு செய்தால் ஓராண்டு வரை சிறை. வண்டியோட்டிகளின் முறை பிறகு வந்தது. ஊர்வலத்தைக் கடக்கும்போதும் எதிர்கொள்ளும்போதும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றது 1989ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்கு விதி. சாவு ஊர்வலம், கல்யாண ஊர்வலம் என்று அது பிரித்துச் சொல்லவில்லை.

காகிதத்தில் எல்லோருக்கும் திறந்திருந்த தெரு, ஊருக்குள் அப்படித் திறக்கவில்லை. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் தலித் வீட்டுச் சடலம் ஊர்த்தெரு வழியே வரக் கூடாது என்பது எழுதாத சட்டம். வயல் வரப்பிலும் ஓடையிலும் பாடை தூக்கிப் போவது அதனால் வந்த வழக்கம்.

2016 ஜனவரியில் மயிலாடுதுறை அருகே திருநாள்கொண்டசேரியில் இறந்த தலித் முதியவரின் உடலை வழுவூர்ப் பொதுச்சாலை வழியே கொண்டுசெல்ல வேண்டும் என்று உயர்நீதிமன்றமே உத்தரவிட்டது. எதிர்ப்பைக் காரணம் காட்டிய போலீசார், உடலைத் தாங்களே எடுத்துச் சென்று வேறு பாதையில் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் வழி மறுக்கப்பட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தச் செய்தியைப் பார்த்து உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

திருநாள்கொண்டசேரி அடக்கம் நடந்த அதே மாதம் 26ஆம் தேதி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொதுச்சாலையையும் இடுகாட்டையும் மற்றவர்களைப் போலப் பயன்படுத்துவதைத் தடுத்தாலும், அவர்களின் சமய, சமூக ஊர்வலங்களை மறித்தாலும் குற்றம் என்று அது விரித்துச் சொல்கிறது.

சேலம் தந்த விதிக்கு இரண்டு பாதிகள். போக்குவரத்துக்கு வழிவிடு என்ற பாதியை அமல்படுத்துவது எளிது. ஒரு காவலரும் ஒரு விசிலும் போதும். வழியை மறிப்பவனை அடக்கு என்ற பாதிக்குத் துணிச்சல் வேண்டும். 1883இல் எழுதப்பட்ட அந்த இரண்டாம் பாதியைத்தான் வழுவூரில் அரசு கைவிட்டது.