வளைவின் வரலாறு

செய்தியைச் சுமக்கும் கருவி செய்திக்கு வெளியே நிற்பதாக நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை. குழாயில் தண்ணீர் போவதுபோல் கம்பியில் குரல் போகிறது, இழையில் ஒளி போகிறது, அவ்வளவுதான் என்று. கருவி செய்தவர்களுக்கு இந்த நம்பிக்கை இருந்ததில்லை. மின்குறியை ஒளியில் பதிக்கிற மாடுலேட்டரின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி.

1893இல் ஃபிரீட்ரிஷ் போக்கெல்ஸ் சில படிகங்களை ஆராய்ந்தார். மின்புலம் கொடுத்தால் அவற்றின் ஒளிவிலகல் எண் புலத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். லித்தியம் நியோபேட் அந்த வகைப் படிகம். இதுவரைக்கும் எல்லாம் நேர்கோடுதான். ஆனால் இம்மாற்றம் ஒளி அலையின் கட்டத்தில் நிகழ்கிறது. மறுமுனையில் ஒளியை உணரும் கருவிக்கோ ஒளியின் செறிவுதான் தெரியும். எனவே ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் கட்டத்தை மாற்றி, மறுபடி சேர்க்க வேண்டும். லூத்விக் செண்டர் 1891இலும் லூத்விக் மாக் 1892இலும் விவரித்த குறுக்கீட்டுமானியின் வழி இது. அப்படிச் சேர்த்ததும் நேர்கோடு சைன் வளைவாகிவிடுகிறது. படிகம் நேராகத்தான் சொல்கிறது. நம் காதுக்கு எட்டும்படி ஆக்குகிற ஏற்பாடுதான் அதை வளைக்கிறது.

வளைந்தால் என்ன குடிமுழுகிப் போச்சு என்று கேட்கலாம். ஒருவர் மட்டும் பேசினால் குரல் கொஞ்சம் கரகரக்கும். பலர் ஒரே பாதையில் பேசும்போதுதான் விபரீதம். இரண்டு அலைவரிசைகள் வளைவில் கலந்து, யாருமே பேசாத மூன்றாவது ஒன்றை உண்டாக்குகின்றன. அது போய் விழுவது பெரும்பாலும் வேறொருவருடைய இடத்தில். தப்பு ஒருத்தருடையது இல்லே, ஆனா நஷ்டம் ஒருத்தருக்கு.

இந்தச் சிக்கல் ஒளியிழைக்கு முன்பே தொலைபேசியில் தலைகாட்டியது. ஒரே கம்பியில் பல உரையாடல்களைத் தொலைதூரம் அனுப்ப வரிசையாகப் பெருக்கிகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் தன் திரிபைச் சேர்த்தது. 1927 ஆகஸ்ட் 2 அன்று, பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக் ஹட்சன் ஆற்றுப் படகில் வேலைக்குப் போகும்போது கையிலிருந்த செய்தித்தாளிலேயே ஒரு வழியைக் குறித்தார்: வெளியீட்டில் ஒரு பங்கை எதிர்க்குறியாக உள்ளீட்டுக்கே திருப்பு. பெருக்கம் குறையும், திரிபும் குறையும். தன் பலத்தை விட்டுக்கொடுத்து நேர்மையைச் சம்பாதிக்கிற பெருக்கி! காப்புரிமை கிடைத்தது 1937இல்தான்.

ஒளிக்கு வருவோம். அட்லாண்டிக்கில் 1988இல் இயங்கத் தொடங்கிய முதல் ஒளியிழைக் கேபிள் டிஜிட்டல் முறையிலானது. உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள். நடுவில் வளைவு இருந்தாலும் கவலையில்லை. ஆனால் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியில் பல அனலாக் சேனல்களை ஓர் இழையில் அடைத்தபோது வளைவு பழிவாங்கியது. மாடுலேட்டரை வளைவின் நடுப்புள்ளியில் நிறுத்தினால் இரட்டைப்படைத் திரிபுகள் மறையும். மூன்றாம் படித் திரிபு மறையாது. அதற்கு இரண்டு மருந்துகள். ஒன்று, குறியை முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்து அனுப்புவது. இன்னொன்று, இரண்டு மாடுலேட்டர்களுக்கு ஒளியைச் சமமில்லாமல் பங்கிட்டு, ஒன்றின் பிழையால் மற்றதன் பிழையை அடிப்பது. இதில் குறியிலும் ஒரு பங்கு பலியாகும்.

பின்னால், 2010களில், கூடுதல் செய்தியைத் திணிக்க டிஜிட்டலும் இரண்டு நிலைகளைத் தாண்டிப் பல நிலைகளுக்குப் போக வேண்டியதாயிற்று. உண்டு, இல்லைக்கு நடுவில் இடம் கேட்டதும் பழைய வளைவு திரும்ப வந்து நின்றது. இன்று கணக்கீட்டால் முன்கூட்டியே திருத்தி அனுப்புகிறார்கள்.

இந்த நூறாண்டுக் கதையில் வளைவில்லாத ஊடகத்தை யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. தம் கருவி எங்கே, எவ்வளவு வளைக்கும் என்று அளந்தவர்கள், அதற்கான விலையைக் கொடுத்துத் திருத்தினார்கள். எழுத்தை, மேடையை, பத்திரிகையைக் கருவியாகக் கொண்ட நாம் நம்முடைய வளைவை இன்னும் அளக்கவே தொடங்கவில்லை. நாம் பலருக்காகப் பேசும்போது உண்டாகிற அந்த மூன்றாவது குரல் யாருடைய இடத்தில் போய் விழுகிறது?