பெயர் எழுதிய பட்டியலும் மறைவாக வந்த கடிதமும்: ஃபுஸ்தாத் யூதரின் தர்ம ஸ்தாபனம்

யூதரின் தர்ம சிந்தனையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர் வகுத்த எட்டுப் படிகளை எடுத்துக்கொண்டு, கொடுப்பவன் இன்னானென்று கொள்பவனும், கொள்பவன் இன்னானென்று கொடுப்பவனும் அறியாதபடி நிகழும் ஈகையை வியந்து போற்றி, அத்துடன் நின்றுவிடுகின்றனர். அது இரண்டாம் படிதான்; ஏழைக்குக் கடனோ வேலையோ கூட்டு வாணிகமோ அளித்து, அவன் இனிப் பிறரிடம் கை நீட்ட வேண்டாத நிலையை உண்டாக்குவதே முதற்படி. இரண்டும் உயர்ந்த லட்சியங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் வைத்தியம் பார்த்து வாழ்ந்து 1204-இல் உயிர்நீத்த அதே ஊரில், அவருடைய சமூகத்தார் நடைமுறையில் தர்மம் செய்த விதம் யாது என்று கேட்டால், அதற்கு விடை அவர் நூலில் மட்டும் இல்லை. பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாதில், பென் எஸ்ரா ஜெபாலயத்தின் அறையொன்றில் நூற்றாண்டுக் கணக்கில் குவிந்து கிடந்த காகிதத் துண்டுகளில் இருக்கிறது.

இறைவனுடைய திருநாமம் பொறித்த எழுத்தை அழித்தல் தகாது என்ற மரபினால் அங்கே சாஸ்திர ஏடுகளோடு கடன் சீட்டு, விவாக ஒப்பந்தம், கடைக்கணக்கு முதலியனவும் வந்து சேர்ந்தன. கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் 1896-97-இல் அவற்றுள் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். தர்மம் பற்றிய ஏடுகளை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் வரலாற்றறிஞர் கோய்டைன். அவற்றையே பொருளாகக் கொண்டு 2005-இல் தனி நூல் செய்தவர் மார்க் கோஹன். இவ்விருவர் தந்த சான்றுகளையே நான் ஆதாரமாகக் கொள்கிறேன். அவற்றிலிருந்து அடையும் முடிவு மட்டும் என்னுடையது.

ஏடுகளுள் மிகவும் விசேஷமானவை ரொட்டிப் பட்டியல்கள். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஆகிய இரு நாட்களில் ஏழைகளுக்கு ரொட்டி வழங்கப்பட்டது. எபிரேய எழுத்தில் அரபு மொழியை எழுதும் எழுத்தர், ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவர் பெற வேண்டிய ரொட்டியின் எண்ணிக்கையைக் குறித்து வைத்தார். பெயர் என்று நாம் சொல்வது பல இடங்களில் பெயரே அன்று: இன்னாருடைய விதவை, குருடர், அநாதைகள், ரூம் (பைசாந்திய) தேசத்திலிருந்து வந்தவர் என்று அடையாளம் ஒன்றே வரியை நிரப்பிவிடுகிறது. ஜெபாலயப் பணியாளரும் இதே வரிசையில் நிற்கின்றனர். கோதுமைக்கும் உடைக்கும் வேறு பட்டியல்கள் இருந்தன. கொடுத்தோர் பட்டியல்களும் கிடைத்திருக்கின்றன. கொடுத்தோரெல்லாம் செல்வர் அல்லர். சிறு தொழில் செய்து பிழைப்போரும் தம்மால் இயன்ற சிறு தொகையை வாக்களித்துப் பெயர் கொடுத்தனர். தர்மம் பெற்று வாழ்பவனும் தன்னளவில் தர்மம் செய்தே ஆகவேண்டும் என்பது அவர்களுடைய சட்டம்.

ஆக, கொடுத்தவர் பெயரும் எழுதப்பட்டது. கொண்டவர் பெயரும் எழுதப்பட்டது. மைமோனிடிஸின் ஏணியை மட்டும் அளவுகோலாகக் கொள்பவர் இதைக் கண்டு, லட்சியம் வேறு, நடைமுறை வேறு என்று தீர்ப்பளித்துவிடக் கூடும். அத்தீர்ப்பு அவசரமானது என்பதே என் அபிப்பிராயம்.

ஏனெனில் அதே ஊரில் இரகசிய ஈகையும் தாராளமாக நடந்துவந்தது. வாணிகத்தில் நஷ்டமடைந்தவர், நோயில் விழுந்தவர், முஸ்லிமல்லாதார் மீது விதிக்கப்பட்ட தலைவரியைச் செலுத்த இயலாமல் சிறைக்கு அஞ்சி வீட்டிற்குள் ஒளிந்திருப்பவர் ஆகியோர், இதுவரை எவரிடமும் வாய் திறந்து கேட்டறியாத தாம் இன்று கேட்க நேர்ந்ததே என்று மனம் நொந்து தனவந்தருக்கும் சமூகத் தலைவருக்கும் எழுதிய விண்ணப்பங்கள் ஏராளம். இவர்கள் வாழ்ந்து கெட்டவர்கள். ரொட்டிக்காக வரிசையில் நிற்பதைக் காட்டிலும் பட்டினியே மேலென்று எண்ணியவர்கள். அவர்களுடைய மானத்தைக் காக்கவே மறைவான வழி இருந்தது. ஆனால் அந்த வழியில் நுழைவதற்கு ஒருவனுக்கு எழுத்தறிவோ, எழுதித் தருவோரின் தயவோ, கடிதத்தைப் பெறக்கூடிய பெரிய மனிதரோடு சிறிதளவு பரிச்சயமோ வேண்டியிருந்தது. நேற்றுக் கப்பலேறி வந்து, ஊரில் ஒருவரையும் அறியாத அயலானுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை; பட்டியலோ திறந்தது. பட்டியல்களில் அயல்நாட்டார் அத்தனை பேர் காணப்படுவதற்குக் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன். ஏணியில் உயர்ந்து நின்ற இரகசிய ஈகை நடைமுறையில் ஒருகாலத்தில் கௌரவமாக வாழ்ந்தவர்களின் சலுகையாயிற்று. தாழ்ந்ததாகத் தோன்றும் பகிரங்கப் பட்டியலே நாதியற்றவனுக்கு உரிமை தந்தது.

அறக்கட்டளைச் சொத்துக்களின் வருமானம் ஒன்றே இத்தனை பேரையும் தாங்கியது என்று கொள்ளவும் இடமில்லை. ஜெபாலயத்திற்கு எழுதிவைக்கப்பட்ட வீடுகளின் வாடகையில் பெரும்பகுதி கட்டிடச் செப்பனிடுதலுக்கும் விளக்குகளுக்கான எண்ணெய்க்கும் ஊழியர் சம்பளத்துக்கும் போயிற்று. ஏழையின் ரொட்டி வாரந்தோறும் வசூலாகும் பணத்தையே நம்பியிருந்தது. வசூலுக்குக் கணக்கு வேண்டும், கணக்குக்குப் பெயர் வேண்டும்.

மைமோனிடிஸே இதை நன்கு அறிந்திருந்தார். எட்டுப் படிகள் வருவது அவருடைய சட்டத்தொகுப்பில் ஏழைகளுக்குரிய கொடைகள் பற்றிய பகுதியின் பத்தாம் அத்தியாயத்தில். அதற்கு முந்திய ஒன்பதாம் அத்தியாயத்திலோ ஊர்தோறும் தர்மநிதி இருக்கவேண்டும், அதை இருவர் சேர்ந்து வசூலிக்கவும் மூவர் கூடிப் பங்கிடவும் வேண்டும் என்று விதித்து, அத்தகைய நிதியில்லாத யூத சமூகம் ஒன்றைத் தாம் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்று உரைக்கிறார். அவ்வளவுடன் நில்லாமல், ஊர் நிதியில் போடுவது இரண்டாம் படிக்கு அண்மையானது என்றும், ஆனால் நிர்வாகி நம்பத்தக்க ஞானியாக இருந்தாலன்றி அதில் போடலாகாது என்றும் பத்தாம் அத்தியாயத்திலேயே சேர்த்துவிடுகிறார். அந்த நிபந்தனையே எல்லாவற்றிலும் முக்கியமானது. மறைவைக் காப்பது தனிமனிதனின் அடக்கம் அன்று. கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் ஸ்தாபனத்தின் நேர்மை.

1168-இல் சிலுவைப் படையினர் எகிப்தின் பில்பைஸ் நகரைப் பிடித்து அங்கிருந்த யூதர்களைச் சிறையெடுத்தபோது மைமோனிடிஸ் செய்த காரியம், அவர் பகிரங்க வசூலைத் தாழ்வாக எண்ணவில்லை என்பதற்கு நேரான சாட்சி. சிறைப்பட்டவர் ஒருவரை மீட்க வழக்கமான விலை முப்பத்து மூன்றேகால் தினாருக்கும் சற்று அதிகம், அதாவது மூவருக்கு 100 தினார். சாதாரணக் குடும்பமொன்று மாதம் 2 தினாரில் காலந்தள்ளிய நாட்கள் அவை. நியாயாதிபதிகளும் முதியோரும் மாணவரும் ஜெபாலயத்திலும் கடைத்தெருவிலும் வீட்டு வாசலிலும் நின்று பணம் கேட்டு வருவதை எடுத்துக்காட்டி, அவ்வாறே நீங்களும் திரட்டுங்கள் என்று அவர் பிற சமூகத்தாருக்கு எழுதினார். பிறர் உயிர் ஆபத்திலிருந்த வேளையில் அவர் தேர்ந்தது பகிரங்க வசூலையே. ஆகவே பத்தாம் அத்தியாயத்தை மேற்கோள் காட்டுவோர், ஒன்பதாம் அத்தியாயத்தையும் அந்தக் கடிதத்தையும் உடன்வைத்துப் படிக்காமல் ஃபுஸ்தாதின் பட்டியல்களைக் குறைகூறுவது நியாயமாகாது.