வரிப் பாக்கியும் குடிகளின் முறையீடும்

1854-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக் குடிகளுக்கு ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. வரி தண்டும்போதோ குற்றம் விசாரிக்கும்போதோ சர்க்கார்ச் சேவகர் எவராலேனும் உடலில் துன்புறுத்தப்பட்டவர்கள் இருப்பின், அதற்கென அமைக்கப்பட்ட விசாரணைக் கமிஷன் முன் முறையிடலாம் என்பது அதன் சாரம். மூவர் அக்கமிஷனின் உறுப்பினர்கள். ஒருவர் சென்னை நகரின் தலைமை மாஜிஸ்திரேட் எலியட். மற்றொருவர் கும்பினியின் சிவில் உத்தியோகத்தைச் சேர்ந்த ஸ்டோக்ஸ். மூன்றாமவர் வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன். நேரில் வந்தவர்களும் மனு எழுதி அனுப்பியவர்களுமாக 1,959 பேரின் குறைகள் குறுகிய காலத்திற்குள் கமிஷன் முன் வந்து குவிந்தன. இரயில் பாதை இல்லாத காலம் அது. வண்டியிலும் கால்நடையிலும் சென்னை வந்து சேர்ந்த எளிய குடிகளின் துணிவை எண்ணி நாம் வியக்காதிருக்க இயலாது.

இந்த விசாரணை தானாக வந்ததன்று. காஜுலு லட்சுமிநரசு செட்டியாரின் முயற்சியால் 1852-இல் தோன்றிய சென்னை சுதேசிச் சங்கம், குடிகளின் வரிச் சுமையையும் தண்டல் கொடுமையையும் எடுத்துரைத்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு மனு அனுப்பியது. டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1853-இல் இங்கு வந்து நேரில் கண்டு திரும்பினார். 1854 ஜூலையில் பாராளுமன்றத்தில் விவாதம் எழுந்த பின்னரே கும்பினியார் விழித்துக்கொண்டனர். அதுவரை தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதே அவர்கள் பேச்சாக இருந்தது.

1855 ஏப்ரலில் கமிஷனின் அறிக்கை வெளிவந்தது. கிஸ்தி கட்டத் தவறியவனைக் கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காக நிறுத்துவது, குனிய வைத்து முதுகில் கல்லேற்றுவது, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கயிற்றால் பிணிக்கும் அண்ணாந்தாள், விரல்களை மரச்சட்டங்களுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி, உண்ணவும் உறங்கவும் விடாது காவல் வைப்பது ஆகியவையெல்லாம் அதில் பதிவாகியுள்ளன. சில ரூபாய்ப் பாக்கிக்காகவும் இவை நடந்தன. 1857-இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இவ்வறிக்கையைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார் என்பதை நம் இளைஞர்கள் அறிவது நன்று.

எனினும் அவ்வறிக்கையின் உயிர்நாடி கிட்டியிலோ அண்ணாந்தாளிலோ இல்லை என்பது என் கருத்து. சித்திரவதை உண்டு என்ற முடிவைக் காட்டிலும், பாதிக்கப்பட்டவன் பரிகாரம் பெற வழியற்றிருந்ததே தங்களை மிகுதியாக வருத்தியது எனக் கமிஷனர் எழுதினர். கலெக்டரிடம் நேரில் முறையிட வேண்டுமாயின் நெடுந்தூரம் செல்ல வேண்டும். செலவும் ஆகும், வேலையும் கெடும். மனு எழுதி அனுப்பினாலோ, 'தாசில்தாரிடம் சொல்லிக்கொள்க' என்ற வழக்கமான குறிப்போடு அது திரும்பி வரும். அந்தத் தாசில்தார் யார்? வரி தண்டுபவர் அவரே. 1816-ஆம் ஆண்டுச் சட்டங்களால் தாலுகாவின் போலீஸ் தலைவராக ஆனவரும் அவரே. எவருடைய ஆட்கள் கல்லேற்றினார்களோ அவர் கைக்கே மனு வந்து சேர்ந்தது. அதன் பிறகு அந்தக் குடி ஊரில் எப்படி வாழ்ந்திருப்பான் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மக்கள் குறை கூறியது சுதேசிச் சேவகர்களையே, ஐரோப்பிய அதிகாரிகளையன்று என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. இதை அப்படியே ஏற்க மனம் வரவில்லை. கிட்டி போட்டவன் உள்ளூர்ச் சேவகனாக இருக்கலாம். ஆனால் விளையாத நிலத்திற்கும் விதித்த தொகை வந்தாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கியவர் எவர்?

இங்கு நம்மவர் நிலையையும் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு அன்று பட்டா இல்லை; ஆகவே கிஸ்தியும் இல்லை. ஆயினும் பல ஊர்களில் வெட்டியான் ஊழியம் நம் முன்னோர் தலையில் விழுந்திருந்தது. கிஸ்தி நாளில் குடிகளைச் சாவடிக்கு அழைத்து வருவதும், தண்டிய பணத்தைத் தாலுகாக் கச்சேரிக்குச் சுமந்து செல்வதும் அவ்வூழியத்தைச் சேர்ந்தவை. மிராசுதாரை வரி நெருக்கியபோது அந்நெருக்கடி பண்ணையாளின் கூலி நெல்லில் வந்து முடிந்தது. அதற்கு எந்தக் கமிஷனும் மனு வாங்கவில்லை.

அறிக்கையின் விளைவுகள் மெல்ல வந்தன. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் போலீஸ், வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. 1864-இல் சென்னை வருவாய் வசூல் சட்டம் பிறந்தது. இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள சட்டம் இது. நிலவரிப் பாக்கிக்கு மட்டுமின்றி, 'நிலவரிப் பாக்கியைப் போல் வசூலிக்கப்படும்' என்று சட்டம் கூறும் வேறு பல அரசு நிலுவைகளுக்கும் இதுவே கருவி. ஆகையால் இதன் உறுப்புகளைச் சற்று நின்று காண்பது தகும்.

நிலத்தை ஜப்தி செய்யுமுன் எழுத்தில் கோரிக்கை அறிவிப்புத் தர வேண்டும். பாக்கி எவ்வளவு, எந்த நிலத்திற்கு, யார் பெயரில், எத்தனை நாளில் கட்ட வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். அதைப் பாக்கிதாரரிடம் கொடுக்கலாம். அவர் இல்லையேல் வீட்டிலுள்ள வயது வந்த ஆண்மகனிடம் கொடுக்கலாம். அதுவும் இயலாதபோது வீட்டிலோ நிலத்திலோ கண்ணில் படும்படி ஒட்டிவிடலாம். ஏலத்திற்கு ஒரு மாதம் முன்னதாக அறிவிப்பு வெளியிட வேண்டும். ஏல நாளுக்கு முந்திய நாள் சூரியன் மறைவதற்குள் பாக்கியையும் வட்டியையும் செலவையும் கட்டிவிட்டால் ஏலம் நின்றுவிடும். ஏலம் நடந்த பின்னரும் வழி அடைபடுவதில்லை. நடைமுறையில் பெரும் பிழையோ வஞ்சகமோ இருந்தால் 30 நாட்களுக்குள் கலெக்டரிடம் மனுச் செய்து ஏலத்தை நீக்கக் கோரலாம். பிழை ஏதும் இல்லாவிடினும், பாக்கியோடு ஏலத்தொகையில் நூற்றுக்கு 5 வீதம் சேர்த்து அதே 30 நாட்களுக்குள் கட்டி நிலத்தை மீட்கலாம். இது பின்னர்ச் சேர்க்கப்பட்ட பிரிவு. இச்சட்டத்தின்கீழ் எடுத்த நடவடிக்கையால் தீங்குற்றவர் ஆறு மாதத்திற்குள் சிவில் நீதிமன்றத்தில் வழக்கிட 59-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

ஆனால் 58-ஆம் பிரிவு ஒரு கதவைச் சாத்திவிட்டது. நிலத்திற்கு விதித்த தீர்வை மிகையா என்ற கேள்வியை நீதிமன்றங்கள் கேட்கலாகாது. தண்டிய முறையைப் பற்றி வழக்காடலாம். விதித்த அளவைப் பற்றி வழக்காட முடியாது. 1855-இல் குடிகள் எழுப்பிய கூக்குரலில் பாதிக்குத்தான் 1864 விடையளித்தது என்று இதனாலேயே சொல்கிறேன்.

சிறையைப் பற்றிய 48-ஆம் பிரிவும் கவனத்திற்குரியது. சொத்தை விற்றும் பாக்கி தீராதபோது, பாக்கிதாரர் வேண்டுமென்றே கட்டாமல் மறைக்கிறார் அல்லது வஞ்சகம் செய்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் கலெக்டர் அவரைக் கைது செய்யலாம். மலபார் மாவட்டத்தில் வருமான வரிப் பாக்கிக்காக 1954-இல் ஒருவர் இப்படிக் கைதானார். சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1957-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணன்று என்றது. கைது என்பது குற்றத்திற்குத் தண்டனையன்று, வசூலிக்கும் ஒரு முறை என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. நான் சட்டம் பயின்றவன் அல்லன். ஆயினும் சிறைக்குள் இருப்பவனுக்கு அவ்வேறுபாடு எளிதில் விளங்காது. 1980-இல் கடன் தீர்ப்பு வழக்கொன்றில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், வறுமையால் கட்ட இயலாதவனைச் சிறையிடுவது ஒவ்வாது என்று தீர்ப்பளித்தார். அது சிவில் நடைமுறைச் சட்டத்தைப் பற்றியதெனினும், இயலாமை வேறு, வஞ்சகம் வேறு என்பதைத் தெளிவாக நிறுவியது. 1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது முதல், 226-ஆம் விதியின்படி உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு செய்யும் வழியும் உண்டு. குடியின் மனு தாசில்தாரைத் தாண்டிச் செல்ல அன்று இல்லாத பாதை இது.

செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமன்ஹீரின் அறிக்கையை அடுத்து, 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. அந்நாள் தொட்டு நம்மவருள் சிலர் பட்டாதாரர் ஆயினர். பட்டாவோடு கிஸ்தியும், கிஸ்தியோடு கோரிக்கை அறிவிப்பும் நம் குடிசைக் கதவுக்கு வந்து சேர்ந்தன.

என் பாட்டனாருக்கு ஒரு சிறு துண்டு நிலம் இருந்தது. ஓராண்டு மழை பொய்த்தது. குடும்பத்தோடு அறுவடைக் கூலிக்கு வெளியூர் போய்த் திரும்பியவர், கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழியாமல் எடுத்து மடித்துக் கூரைச் செத்தையில் செருகி வைத்தார். சர்க்கார்த் தாள் ஆயிற்றே என்று பத்திரமாகவே வைத்திருந்தார். எங்கள் சேரியில் அன்று எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லை. பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர் அதை வாசித்துச் சொன்னபோது ஏலம் முடிந்து முப்பது நாளும் கடந்து போயிருந்தது.