149 டாலர் சிப், 669 டாலர் வேகம்!

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் நிறுவனம் சில புதிய பிராசசர்களை வெளியிட்டது. அவற்றில் உச்சியில் இருந்தது 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2. ஆயிரக்கணக்கில் வாங்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கே ஒன்றின் விலை 669 டாலர். அதே நாளில் வந்த இன்னொன்று செலரான் 300ஏ. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 டாலர். ஏழைகளின் பிராசசர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே கேம் விளையாடும் பையன்கள் அந்த 149 டாலர் சிப்பை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இன்டெல்லின் விலைப்பட்டியலே கேலிக்கூத்தாகிப் போனது!

ஒரு பிராசசரை அதன் மேல் அச்சிட்ட வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓட்டுவதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக்கிங். இது செலரானோடு பிறந்த விஷயம் இல்லை. 1984ல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கம்ப்யூட்டர் 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்த வேகத்தைக் கொடுத்தது மதர்போர்டில் இருந்த 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று. அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் செருகினால் கம்ப்யூட்டர் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். சில டாலர்களில் முடிந்துவிடுகிற வேலை. ஐபிஎம் இதை ரசிக்கவில்லை. பின்னால் வந்த ஏடிகளின் பயாஸில் வேகத்தைச் சோதிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. 6 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் கம்ப்யூட்டர் கிளம்பாது. காசு கொடுத்து வாங்கியவனுக்கும் செய்து விற்றவனுக்கும் நடந்த இழுபறி அப்போதே தொடங்கிவிட்டது.

சரி, செலரானுக்கு வருவோம். 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரான் 266 மெகாஹெர்ட்ஸ். விலையைக் குறைப்பதற்காக அதிலிருந்து இரண்டாம் நிலை கேஷ் மெமரியையே எடுத்துவிட்டார்கள். பிராசசருக்கு அடிக்கடி தேவைப்படும் தகவல்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதுதான் கேஷின் வேலை. அது இல்லாத செலரானைப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அந்தத் திட்டுதான் 300ஏ பிறக்கக் காரணம். இந்த முறை 128 கிலோபைட் கேஷைப் பிராசசர் சிப்புக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். பென்டியம் 2ல் 512 கிலோபைட் கேஷ் உண்டு. ஆனால் அது தனிச் சிப்பில், பிராசசரின் பாதி வேகத்தில்தான் ஓடும். செலரானின் கேஷ் சிறியது, ஆனால் பிராசசரின் முழு வேகத்தில் ஓடும். விலை குறைந்த சரக்குக்கு விலை கூடிய சரக்கைவிட வேகமான கேஷ்! தன் காலில் தானே கோடரி போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

பிராசசரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. மதர்போர்டின் பஸ் வேகத்தை ஒரு பெருக்கி எண்ணால் பெருக்க வேண்டும். 300ஏவின் பெருக்கி எண் 4.5. பஸ் 66 மெகாஹெர்ட்ஸ். பெருக்கினால் 300. பெருக்கி எண்ணை யாரும் மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டிவிட்டது. ஆனால் பஸ் வேகம் மதர்போர்டின் கையில் அல்லவா இருக்கிறது? அந்த வருடம் வந்த 440பிஎக்ஸ் சிப்செட், பென்டியம் 2க்காக 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸோடு செய்யப்பட்டது. 4.5ஐ 100ஆல் பெருக்கினால் 450. அவ்வளவுதான்!

இதில் இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. பஸ் வேகத்தைக் கூட்டினால் அதோடு சேர்ந்து மற்ற பாகங்களின் வேகமும் கூடும். 83 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் 33ல் ஓட வேண்டிய பிசிஐ 41ஐத் தாண்டிவிடும். ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவது பிழையாகும், ஃபைல்கள் கெட்டுப்போகும். 100ல் வைத்தாலோ பிஎக்ஸ் போர்டு பஸ் வேகத்தை மூன்றால் வகுத்து, பிசிஐக்குச் சரியாக 33 கொடுத்துவிடும். வேகத்தை அரைகுறையாகக் கூட்டியவன் டேட்டாவை இழந்தான். துணிந்து ஒன்றரை மடங்கு கூட்டியவன் நிம்மதியாக விளையாடினான்.

அபிட் நிறுவனத்தின் பிஎச்6 போன்ற போர்டுகளில் பயாஸ் மெனுவிலேயே பஸ் வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வசதி இல்லாத போர்டுகள் எந்த பஸ் வேகம் வேண்டும் என்று பிராசசரையே கேட்கும். அந்தப் பதிலைச் சொல்வது பிராசசர் அட்டையின் விளிம்பில் இருக்கும் பி21 என்ற பின். அதன்மேல் துளி நெயில் பாலிஷோ மெல்லிய டேப் துண்டோ ஒட்டி மறைத்தால் பதில் போகாது. போர்டு 100 என்று எடுத்துக்கொள்ளும். அக்காவின் நெயில் பாலிஷ் எத்தனை வீடுகளில் காணாமல் போனதோ!

300 என்று அச்சிட்ட சிப் 450ல் எப்படி ஓடியது? செலரானும் பென்டியம் 2ம் ஒரே 0.25 மைக்ரான் முறையில் செய்யப்பட்டவை. தயாரிப்பு முறை நன்றாகப் பழகிவிட்டால் பெரும்பாலான சிப்கள் அதிக வேகத்தைத் தாங்கும். ஆனால் சந்தைக்கு மலிவான சிப்பும் வேண்டுமே! தாங்கக்கூடிய சிப்பின் மேலும் 300 என்று அச்சடிக்க வேண்டியதாயிற்று. அந்த எண் இன்டெல் கொடுத்த உத்தரவாதம். சிப்பின் உண்மையான எல்லை அதற்கு மேலே எங்கோ இருந்தது.

எங்கோ என்பதுதான் சிக்கல். சில சிப்கள் 2.0 வோல்ட்டிலேயே 450ஐத் தொட்டன. சிலவற்றுக்கு வோல்ட்டேஜை ஏற்ற வேண்டியிருந்தது. வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் சூடு அதன் இருமடிக் கணக்கில் ஏறும், அதனால் பெரிய ஹீட்சிங்க்கும் ஃபேனும் தேவைப்பட்டன. சில சிப்கள் எதற்கும் மசியவில்லை. குவேக் 2 ஆட்டத்தின் நடுவில் திரை உறைந்துபோய்க் கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. சில கடைக்காரர்கள் 450ல் ஓடுகிறதா என்று சோதித்து, ஓடியதைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள்.

இன்டெல்லைத் திட்டுவது சுலபம். அதன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மெதுவான சிப்பின் மேல் இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு அதிக வேகத்தை அச்சடித்து விற்கும் கள்ள வியாபாரம் அப்போது நடந்துகொண்டிருந்தது. விஷயம் தெரிந்தவன் தன் சிப்பைத் தானே ஓட்டிப் பார்ப்பது விளையாட்டு. எதுவும் தெரியாத ஒரு குடும்பத்துக்கு அதையே உயர்ந்த சிப் என்று சொல்லி விற்பது மோசடி. பெருக்கி எண்ணைப் பூட்டியதற்கு இன்டெல் சொன்ன காரணம் இதுதான்.

பிஎக்ஸ் போர்டு வைத்திருந்தவர்களுக்கு யோகம் அதோடு முடியவில்லை. 2000ல் வந்த செலரான் 566ன் பெருக்கி எண் 8.5. போர்டு அதன் குறைந்த வோல்ட்டேஜைக் கொடுக்குமானால், ஒரு அடாப்டர் அட்டையில் செருகி, 1998ல் வாங்கிய அதே போர்டில் 850ல் ஓட்டலாம். அந்தக் காலத்தில் ஏஎம்டியின் அத்லான், டியூரான் சிப்களின் பூட்டை, மேலே தெரியும் சின்னப் புள்ளிகளைப் பென்சிலால் கோடு போட்டு இணைத்தே திறந்தார்கள்.

2011ல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் இன்டெல் அந்தக் கதவையும் அடைத்தது. எல்லா பாகங்களின் வேகத்தையும் ஒரே அடிப்படைக் கடிகாரத்தோடு கட்டிவிட்டதால், பஸ் வேகத்தை இம்மியளவுக்கு மேல் கூட்ட முடியவில்லை. பெருக்கி எண்ணை வேண்டிய அளவு கூட்ட வேண்டுமா? பெயரில் 'கே' எழுத்து உள்ள சிப்பை வாங்கு! ஐ5-2500ன் விலை 205 டாலர், 2500கேயின் விலை 216 டாலர். நெயில் பாலிஷ் செய்த வேலைக்கு 11 டாலர்.

2014ல் பென்டியம் பெயரின் இருபதாம் ஆண்டு என்று சொல்லி, 72 டாலருக்குப் பூட்டில்லாத ஜி3258 சிப்பை இன்டெல்லே விற்றது. 300ஏ திரும்பி வந்துவிட்டது என்று ரசிகர்கள் குதித்தார்கள். 3.2 கிகாஹெர்ட்ஸ் சிப்பை நான்குக்கும் மேலே ஓட்டினார்கள். ஆனால் அதில் இருந்தவை இரண்டே கோர்கள். அந்த நவம்பரில் வந்த ஃபார் க்ரை 4, எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும் அந்தச் சிப்பில் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது.