உய்ந்தோர் உரை

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. கடற்கரையற்ற கள்ளக்குறிச்சிப் பகுதிக்கும் கடலுக்குமுள்ள உறவு இந்நீரோட்டத்தோடு நின்றுவிடுவதன்று. தமிழ் கற்றார் எவர்க்கும் கலம் கவிழும் காட்சி மணிமேகலை வழியாக அறிமுகமானதே. நெடுமுடிக்கிள்ளியின் மகவைப் பீலிவளை கம்பளச்செட்டியிடம் ஒப்படைக்கிறாள். அவன் ஏறிய கலம் இரவில் உடைந்துவிடுகிறது. குழந்தை காணாமற்போன செய்தியைக் கலம் இழந்து கரையேறியோரே மன்னனிடம் சென்று உரைக்கின்றனர். மன்னன் மகவைத் தேடி அலைகிறான்; இந்திரவிழா மறக்கப்படுகிறது; புகாரைக் கடல் கொள்கிறது. ஒரு நகரின் அழிவைக் கூறும் இத்தொடரில் செய்தி கொணர்ந்தவர்க்குத் தனிச்சிறப்பு ஏதும் இல்லை. ஆயினும் அவர்கள் உரைத்திராவிடில் மன்னன் அறிந்திருக்க வழியில்லை, கதையும் நகர்ந்திராது.

செய்தி கொண்டு செல்வோரின் இன்றியமையாமையைத் தமிழ் இலக்கண மரபு நன்குணர்ந்திருந்தது. தோழி, பாங்கன், பாணன் முதலாகப் பன்னிருவரை வாயில்களாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தலைவனும் தலைவியும் பாட்டுக்கு உரியோர். அவர்தம் சொல்லைச் சுமப்போர் வாயில்கள். இந்நோக்கில் காணும்போது, கப்பல் மூழ்கிய வரலாற்றைக் கூறும் ஒரு பழைய ஆங்கிலத் திரைப்படமும், அதில் இளம்நடிகர் ஒருவர் ஏற்ற துணைப்பாத்திரமும் புதுப்பொருள் பெறுகின்றன.

1912 ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. மறுநாள் அதிகாலை 2.20 மணிக்கு அது முற்றிலும் மூழ்கிற்று. கப்பலில் இருந்தோர் 2,200க்கும் மேற்பட்டோர். மாண்டோர் ஏறத்தாழ 1,500 பேர். வால்டர் லார்டு, தப்பிப் பிழைத்தோர் பலரை நேரில் கண்டு கேட்டு, 1955இல் நூலொன்று வெளியிட்டார். அதனை எரிக் ஆம்ப்ளர் திரைக்கதையாக்க, ராய் வார்டு பேக்கர் இயக்கினார். 'எ நைட் டு ரிமெம்பர்' என்னும் அக்கறுப்பு வெள்ளைப் படம் 1958இல் வெளிவந்தது. தயாரிப்பாளர் வில்லியம் மெக்விட்டி, 1911இல் பெல்ஃபாஸ்டில் அக்கப்பல் நீரில் இறக்கப்பட்டதைச் சிறுவனாய் இருந்து கண்டவர். டைட்டானிக்கின் நான்காம் நிலை அதிகாரியாயிருந்த ஜோசப் பாக்ஸ்ஹால் படத்துக்கு ஆலோசகராக விளங்கினார். ஆக, கண்டோர் கூற்றே படத்தின் கடைக்கால் எனலாம். 1953இல் ஹாலிவுட் எடுத்த டைட்டானிக் படம் கற்பனைக் குடும்பமொன்றின் கதையை நடுவில் நிறுத்தியது. 1997இன் புகழ்பெற்ற படமோ காதற்கதையை முதன்மையாக்கியது. 1958இன் படத்தில் கப்பலே தலைமை மாந்தர். ஏனையோர் யாவரும் ஒருவகையில் துணைமாந்தரே.

அவருள் ஒருவர் இளைய கம்பியில்லாத் தந்தியாளர் ஹெரால்ட் பிரைடு. விபத்தின்போது அவருக்கு வயது 22. அப்பாத்திரத்தை ஏற்றவர் ஸ்காட்லாந்தில் 1933இல் பிறந்த டேவிட் மெக்கல்லம். திரையுலகில் அப்போதுதான் காலடி வைத்திருந்தார். பிற்காலத்தில் 'தி கிரேட் எஸ்கேப்' படத்தாலும், 'தி மேன் ஃப்ரம் அங்கிள்', 'என்சிஐஎஸ்' ஆகிய தொலைக்காட்சித் தொடர்களாலும் உலகப் புகழ் பெற்று, 2023இல் மறைந்தார். எனினும் இத்தொடக்கக் காலப் பாத்திரத்தில் வீரமுழக்கம் எதுவும் அவருக்குத் தரப்படவில்லை. சிற்றறை ஒன்று, செவியில் கேட்பி, விரலடியில் தந்திச் சாவி, அருகே மூத்த தந்தியாளர் ஜாக் பிலிப்ஸ். இவ்வளவே அவரது அரங்கு. வெளியே பேரழிவு நிகழ, உள்ளே இருவர் சொற்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றனர்.

இக்காட்சியின் பின்னுள்ள வரலாறு எளிதானதன்று. தந்தியாளர் இருவரும் மார்க்கோனி நிறுவனத்தின் பணியாளர்கள். பயணிகள் தம் உற்றார்க்கு விடுக்கும் தந்திகள் அவர்தம் அன்றாடப் பணியில் பெரும்பகுதி. முந்தைய நாள் கருவி பழுதுற்றதால் தந்திகள் குவிந்து கிடந்தன. பனிக்கட்டிகளால் சூழப்பட்டு நின்றுவிட்டதாகக் கலிபோர்னியன் கப்பல் அறிவித்தபோது, வேலை மிகுதியிலிருந்த பிலிப்ஸ் அதனை இடைமறித்து நிறுத்தினார். மெசாபா கப்பல் விடுத்த பனி எச்சரிக்கை அதிகாரிகளை எட்டவே இல்லையென்று இரண்டாம் நிலை அதிகாரி லைட்டோலர் பின்னாளில் எழுதினார். சேரவேண்டிய இடத்தில் சேராத சொல் எத்துணைப் பெருங்கேடு விளைக்கும் என்பதற்கு இது சான்று.

அதே அறையிலிருந்துதான் உய்விக்கும் சொல்லும் புறப்பட்டது. அபாயக் குறியீட்டைக் கேட்ட கார்பேதியா விரைந்து வந்து 700க்கும் மேற்பட்டோரைக் காத்தது. கப்பல் தலைவர் பணியிலிருந்து விடுவித்த பின்னும் இருவரும் உடனே அறையை விட்டு அகலவில்லை. பிலிப்ஸ் மாண்டார். கவிழ்ந்து மிதந்த படகொன்றைப் பற்றிப் பிழைத்த பிரைடு, கால்கள் புண்பட்ட நிலையிலும் கார்பேதியாவின் தந்தியறைக்குச் சென்று, உய்ந்தோரின் செய்திகளை அனுப்ப உதவினார். பின்னர் அமெரிக்க மேலவை விசாரணையில் சான்றுரைத்தார். அதன்பின் விளம்பரத்தை வெறுத்து ஒதுங்கி வாழ்ந்து, 1956இல் காலமானார். தம்மை மெக்கல்லம் நடித்ததைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் கப்பல் முழுதாகவே மூழ்குகிறது. அது இரண்டாகப் பிளந்ததென உய்ந்தோருட் சிலர் 1912லேயே கூறியிருந்தும், அக்கூற்று ஏற்கப்படவில்லை. 1985இல் கடலடியில் சிதைவுகள் கண்டறியப்பட்ட பின்னரே அவர்தம் சொல் மெய்யாயிற்று. கண்டவர் உரைத்தல் மட்டும் போதாது, கேட்பவர் செவி கொடுத்தலும் வேண்டும் என்பதை இந்த 73 ஆண்டு இடைவெளி உணர்த்துகிறது.

கள்ளக்குறிச்சி மண்ணுக்கு இவ்வுண்மை அயலானதன்று. திருக்கோவலூர்ப் பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்று, பாரியின் வீழ்ச்சிக்குப் பின் அவன் மகளிரைக் காத்து நின்ற நண்பரை இன்றும் நினைவூட்டுகிறது. பறம்பின் அழிவு அறியப்படுவது வென்ற வேந்தர்களால் அன்று, உடனிருந்தோர் சொல்லால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நாளேடுகள் எண்ணிக்கையைத் தந்தன. அரசு இழப்பீடு தந்தது. கணவனை இழந்தவளும் பெற்றோரை இழந்த பிள்ளையும் சொல்லக்கூடியதை எண்ணிக்கை சொல்லாது.

பேரழிவுகளின் வரலாற்றில் தலைமை மாந்தர்க்கு நினைவுச்சின்னங்கள் எழும்பும். வாயில்களுக்கு எழுவது அரிது. அவர்களுக்கு உரியது ஒன்றே: அவர்தம் சொல்லைத் திரிக்காமல் வாங்கி, அடுத்தவரிடம் சேர்ப்பது. 1958இல் ஓர் இளம்நடிகர் சிற்றறையில் அமர்ந்து செய்துகாட்டியது அதுவே. கவிஞர்க்கு விதிக்கப்பட்ட பணியும் அதனின் வேறன்று.